ஆனி பத்து

இஞ்ச் டேப்பு அடிவயிற்றில் தொடங்கி மேடு முடிகிற இடம் வரை ஏறியது.

முப்பத்து நாலு.

நர்சு மறுபடியும் அளந்தார். அதட்டினால் கூடிவிட வயிறு என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? அதே முப்பத்து நாலுதான்.

"முப்பத்தாறு வாரத்துக்கு முப்பத்தாறு சென்டிமீட்டராவது இருக்கணும் கண்ணு. ரெண்டு குறையுது."

கோகிலவாணி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பேச்சு. ஐந்தாம் மாதம் ஸ்கேனில் ரெண்டு வாரம் குறைவு. ஏழாம் மாதம் ரெண்டு வாரம் குறைவு. நேற்று எடுத்ததிலும் அதே ரெண்டு.

இந்த ரெண்டுக்காக அவள் தின்னாத தீனி இல்லை. காலையில் முட்டை, பதினோரு மணிக்குச் சத்துமாவுக் கஞ்சி, மதியம் கீரை, சாயங்காலம் பேரீச்சம்பழம். குமட்டக் குமட்ட விழுங்கினாள். இடது பக்கமே படுத்துப் படுத்து இடுப்பு மரத்துப்போனது. தின்றதெல்லாம் அவள் கன்னத்தில் போய்ச் சேர்ந்ததே தவிர, உள்ளே இருப்பது அசைந்து கொடுக்கவில்லை.

"திங்கறதெல்லாம் எங்கதான் போகுதோ, சாமி," என்றாள் மாமியார், கட்டில் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தபடி.

அவள் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பும் இதே கட்டில், இதே பேச்சு. வயிற்றில் வளரவில்லை, வெளியே வைத்து வளர்த்துக்கொள்ளலாம் என்று எட்டு மாதம் முடிவதற்குள் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.

பெண். ஒன்றே முக்கால் கிலோ.

மூச்சு விடத் தெரியாமல் மூன்று நாள் தவித்தது. பிறகு தவிக்கவில்லை.

அவள் வயிறு பிள்ளை வளர்க்கிற வயிறு இல்லை என்று ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லியாயிற்று. அவளுக்கும் அப்படித்தான் பட்டது. இந்த முறை கண்ணு பட்டுவிடுமோ என்று ஐந்து மாதம் வரை வாயே திறக்கவில்லை. போன முறை ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் வரவேண்டும் என்ற விவரமே தெரியாது. ஆக, இரண்டு தடவையும் கரு உண்டான நாளைச் சரிபார்க்கிற ஆரம்ப ஸ்கேன் கிடையாது.

இதையும் நாளைக்கு எடுத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். துணிப்பை கட்டிலடியில் இருந்தது.

பயப்படக்கூட அலுப்பாக இருந்தது.

பெரிய டாக்டர் அன்றைக்கு லீவு. அவருக்குப் பதிலாக வந்தவள் சின்ன வயசு. வந்தவள் நின்ற வாக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். உட்கார்ந்தாள். மூன்று ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

வெகுநேரம் பார்த்தாள்.

"வளராத குழந்தைன்னா வரவரக் குறை கூடணுமே சிஸ்டர். இது ஆரம்பத்துல இருந்து அதே ரெண்டு வாரமாவே நிக்குது. நடுவுல குழந்தை ஒழுங்காத்தானே வளர்ந்திருக்கு?"

நர்சு டாக்டரைப் பார்த்தார்.

"கோகிலவாணி, கடைசியா எப்பம்மா தூரமானீங்க?"

"ஆனி பத்துங்க."

யோசிக்கவே இல்லை. அன்றைக்குத்தான் ஊர்க் கோயிலில் நோம்பி சாட்டித் திருவிழாவை அறிவித்தார்கள். தூரம் என்பதால் அவள் மட்டும் வீட்டில் இருந்தாள். எப்படி மறக்கும்?

டாக்டர் அட்டையைப் புரட்டினாள். 10.6 என்று எழுதியிருந்தது.

"ஜூன் பத்தா?"

"ஆனி பத்துங்க."

"ஆனின்னா ஜூன்தானுங்களே டாக்டர்," என்றார் நர்சு.

டாக்டர் செல்போனில் போன வருஷத்துக் காலண்டரைத் தேடினாள். விரலால் தள்ளினாள். நிறுத்தினாள்.

"ஆனி பத்து, ஜூன் இருபத்து நாலு."

பதினாலு நாள்.

ரெண்டு வாரம்.

பிள்ளை குறையவே இல்லை. வாரக் கணக்குதான் கூடியிருந்தது.

டாக்டர் அட்டையில் பத்தை அடித்துவிட்டு இருபத்து நாலு என்று எழுதினாள். முப்பத்து நாலு வாரத்துக்கு முப்பத்து நாலு சென்டிமீட்டர், ரெண்டு கிலோ நூறு, கனகச்சிதம் என்றாள். நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம், இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கச் சொன்னாள்.

மாமியாருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "அட கெரகமே, ஒரு தேதிக்கா இந்தப் பாடு!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். வெளியே நின்ற மகனைக் கூப்பிட்டு, பையை வண்டியில் வைக்கச் சொன்னாள். நர்சுகூட அசடு வழியச் சிரித்தார். யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. அத்தனை சந்தோஷம்.

அவளும் சிரித்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். நீ சரியாகத்தான் இருந்தாயா, நான்தான் உன்னைப் போட்டு வதைத்தேனா என்று கேட்க நினைத்தாள்.

தடவிய கை பாதியில் நின்றது.

"எழுந்திரு கண்ணு, வெயிலுக்கு முன்னாடி போயிரலாம்," என்றாள் மாமியார்.

அவள் எழவில்லை.

"டாக்டர், போன தடவை நான் தை எட்டுன்னு சொன்னேனுங்க. அதை ஜனவரி எட்டுன்னு எழுதியிருப்பாங்களா?"

மாமியார் பொங்கலிலிருந்து விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். பாதியில் கையை மடியில் போட்டுக்கொண்டாள்.