முதல் பாக்கெட்

"ஒரு போராட்டத்தை எத்தனை பேர்தாம்மா ஆரம்பிப்பீங்க?"

ஆராய்ச்சி மாணவிக்குப் பொறுமை போய்விட்டது. பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார்: முதலில் தொடங்கியது யாரென்று தெரியாவிட்டால் அந்த அத்தியாயமே வேண்டாம்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் சட்டைக் கம்பெனியில் நடந்த கதை. ஒரே நாளில் முந்நூறு பாக்கெட்டுகளை வாயையும் சேர்த்துத் தைத்து மூடிவிட்டார்கள். விரல்கூட நுழையாது. முதலாளி அலறியடித்து ஓடிவந்து, டீ குடிக்கப் பத்து நிமிஷம் இடைவேளை கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார்.

பாக்கெட் தைத்த நால்வரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல்ல மூடினது நான்தான்" என்றாள் பெரியக்கா.

"அடிப்பாவி, நானில்ல?" என்றாள் கண்ணாடிக்காரி.

"ரெண்டு பேரும் புளுகாதீங்கடி. நான்தான்!" என்றாள் குண்டக்கா.

புத்தகத்தில் பேர் வரும் என்றால் இப்படியா அடித்துக்கொள்வார்கள்! உழைக்கும் மக்களின் வாயிலிருந்தே வரலாற்றை எழுத வந்த மாணவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சின்னவள் மட்டும் சண்டைக்கு வரவில்லை. "யாரு ஆரம்பிச்சாங்கன்னு நான் கவனிக்கலைம்மா. ஆனா நானும் அறுபது பாக்கெட் மூடினேன். 'எங்கம்மா போராளி'ன்னு என் பையன் இன்னமும் பீத்திக்குவான்" என்று சிரித்தபடி டீ போட உள்ளே போனாள்.

மாணவி நோட்டை மூடினாள். "மூணு பேர்ல ரெண்டு பேராவது பொய் சொல்றீங்க."

பெரியக்கா உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மூணு பேருமே பொய்தாம்மா. முதல்ல மூடினது அவ. போராட்டமாவது ஒண்ணாவது! பிள்ளை பெத்து ரெண்டு மாசம். ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுட்டு வந்து, தூங்கி வழிஞ்சுக்கிட்டே அத்தனையையும் வாயோட தெச்சுட்டா. அவளோடது மட்டும் கெட்டிருந்தா அன்னிக்கே வேலை போயிருக்கும். அதான் நாங்களும் மடமடன்னு மூடிட்டு, டீ வேணும்னு கூச்சல் போட்டோம்."

"அவங்களுக்கு இது..."

"தெரியாது. நாங்க மூடினதைப் பாத்துத்தான் தானும் மூடினதா நெனச்சுக்கிட்டிருக்கா."

மாணவி ரெக்கார்டரில் கடைசி இரண்டு நிமிஷத்தை அழித்தாள். அத்தியாயமும் அதோடு போயிற்று.

டம்ளர்களோடு வந்த சின்னவள் ஆவலாகக் கேட்டாள். "யாரு முதல்லன்னு கண்டுபிடிச்சீங்களாம்மா?"

"எங்கேம்மா கண்டுபிடிக்கிறது! மூணு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறாங்க. நீங்க நாலாவதுங்கறது மட்டும்தான் உறுதி."