எம் சைஸ்

“இதைத் திருப்பி எடுத்துக்கங்கம்மா. எனக்குச் சேராது.”

கவுன்டரில் கவரை வைத்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வாட்டசாட்டமான உடம்பு. அழுதவர் போலக் கண்கள் சிவந்திருந்தன.

விற்பனைப் பெண் கவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையில்தான் சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “நீ வித்ததுல இந்த வாரம் மட்டும் ஆறு திரும்பி வந்திருக்கு. ஏழாவது வந்துச்சுன்னா நாளையிலேர்ந்து நீ குடோனுக்குப் போயிடு.” குடோன் என்றால் ஜன்னல் இல்லாத அறை. நாள் முழுக்க அட்டைப்பெட்டி பிரிக்கிற வேலை. பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது.

கவரைப் பிரித்தாள். கத்திரிப்பூ நிறத்தில் ஒரு டாப்ஸ். மடிப்புக்கூடக் கலையவில்லை. கழுத்து லேபிளில் எம் என்று இருந்தது.

“போட்டுப் பார்த்தீங்களா மேடம்?”

“போட்டு வேற பார்க்கணுமா? என்னைப் பார்த்தா எம் மாதிரியா தெரியுது? கல்யாணமாகி ரெண்டாவது வருஷத்துலேர்ந்து நான் எக்ஸெல்.”

“அப்ப பெரிய சைஸ் மாத்தித் தரேன், இருங்க.”

“மாத்தவும் வேணாம், பணமும் வேணாம். இதை மறுபடி வீட்டுக்கு எடுத்துட்டுப் போக மாட்டேன், அவ்வளவுதான்.”

வெடுக்கென்று சொல்லிவிட்டாரே தவிர, அவர் நகரவில்லை. டாப்ஸின் கைப்பகுதியை விரலால் நீவிக்கொண்டே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏம்மா, இந்த எம் போடறவங்க பார்க்க எப்படி இருப்பாங்க?”

“எப்படின்னா?”

“ரொம்ப ஒல்லியா இருப்பாங்களா? சின்ன வயசா இருக்குமோ?”

விற்பனைப் பெண்ணுக்குப் பாவமாகிவிட்டது. இந்தக் கவலையோடு வருகிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். கண்ணாடி முன்னால் மூச்சைப் பிடித்து வயிற்றை எக்கி நிற்பவர்கள், பில் போட்டதும் லேபிளைக் கத்தரித்துத் தரச் சொல்பவர்கள், சைஸைக் காதோடு காதாகச் சொல்பவர்கள். குடோன் பயம் போய், இந்த அம்மாளை முகம் வாட விடக்கூடாது என்பதே பெரிதாகத் தோன்றியது.

“மேடம், இங்க வாங்க. ஒண்ணு காட்டறேன்.”

ரேக்கிலிருந்து இரண்டு டாப்ஸ்களை உருவி வந்தாள். இரண்டிலும் எம் என்றே இருந்தது. அவர் கொண்டுவந்ததை விரித்து, அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள். முதலாவது இரண்டு விரற்கடை சின்னதாக இருந்தது. அடுத்ததைப் போட்டதும் அடியில் இருந்ததன் விளிம்பு இரண்டு பக்கமும் நாலு விரற்கடை வெளியே தெரிந்தது.

“மூணுமே எம்தான். கம்பெனிக்கு ஒரு அளவு, கடைக்கு ஒரு அளவு. பக்கத்துத் தெருவுல எக்ஸெல் போடறவங்க இங்க வந்து எம் எடுத்துட்டுப் போவாங்க. சின்ன சைஸ் சேர்ந்துடுச்சுன்னு வாங்கறவங்களுக்கு மனசு குளிரணுமில்ல, அதுக்காக இந்தக் கம்பெனிக்காரன் பண்ற வேலை. வெளிய சொன்னா சூப்பர்வைசர் என்னைத் தொலைச்சிடுவார். நீங்க சும்மா ஒருதடவை போட்டுப் பாருங்க.”

அவர் அந்த மூன்று துணிகளையும் பார்த்தார். கையால் தொட்டும் பார்த்தார். கத்திரிப்பூ நிறத்தை எடுத்துக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் போனார்.

ஐந்து நிமிடமாயிற்று, பத்தாயிற்று. உள்ளேயிருந்து விசும்பல் கேட்டது.

விற்பனைப் பெண் கதவருகே போனாள். “மேடம், மாட்டிக்கிச்சா? இழுக்காதீங்க, நான் வரவா?”

கதவு திறந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது டாப்ஸ். தோள் நழுவவில்லை, இடுப்பு பிடிக்கவில்லை. போட்டிருந்தவரின் கன்னமெல்லாம் ஈரம். ஆனால் அழுகிற முகமில்லை.

“இதை வாங்கிட்டுப் போனவரை உனக்கு ஞாபகம் இருக்காம்மா?”

அவள் யோசித்தாள். “இந்தக் கலர்ல ஒண்ணுதான் வித்தேன். மூக்குக்கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டுக்கிட்டு ஒருத்தர் வந்தார். அக்குள்ல வேற நூல் போட்டுத் தைச்ச பழைய பச்சை டாப்ஸ் ஒண்ணைப் பைக்குள்ள சுருட்டிக் கொண்டுவந்து, இதே அளவுல வேணும்னார். வீட்டுல அளவு கேட்டா விஷயம் தெரிஞ்சிடுமாம். நான்தான் ரெண்டையும் வச்சு அளந்து, எம் போதும்னு எடுத்துக் கொடுத்தேன்.”

“பச்சை டாப்ஸா? நாலு நாளா கொடியில காணோம்னு தேடிக்கிட்டிருக்கேனே.”

அவர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். ஒரு டாப்ஸ் சேர்ந்ததற்கா இத்தனை சந்தோஷம் என்று விற்பனைப் பெண் வியந்தாள். எப்படியோ, ஏழாவது திரும்பவில்லை. அவளுக்கும் போன உயிர் வந்தது.

“கழட்டலம்மா. இப்படியே போட்டுக்கிட்டுப் போறேன்,” என்றபடி அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“அண்ணே, எங்க இருக்கே? பாதி வழி வந்துட்டியா? வண்டியைத் திருப்பிக்கோ. நான் அங்க வரல. கட்டி வச்ச பெட்டியை நானே பிரிச்சுக்கறேன். வக்கீல்கிட்டயும் ஒண்ணும் வேணாம்னு சொல்லிடு. திட்டாதேண்ணே. நீயே சொல்லு, எக்ஸெல் போடறவ இருக்கிற வீட்டுல, புருஷன் தன் அலமாரிக்குள்ள எம் சைஸ் டாப்ஸை ஒளிச்சு வச்சிருந்தா நான் என்னன்னு நினைக்கிறது?”