அல்வா டப்பாவில் பல்லி

அவர் பல்லியைக் கொண்டுவந்திருந்தார்.

அல்வா வாங்கிய பிளாஸ்டிக் டப்பா. கழுவியிருக்கவில்லை. மூலையில் நெய் உறைந்திருந்தது. நடுவில் அது கிடந்தது, வால் கருகி, வாய் திறந்து.

“இதான் தம்பி,” என்றார்.

திருடனைப் பிடித்துவிட்ட முகம்.

தளவாய் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்காரர். எங்கள் என்று எழுதுவது பழக்கம். பதினோரு நாளாக அந்த வீட்டில் நான் மட்டும்தான்.

துவைத்துக்கொண்டிருந்தவள், தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டதென்று மோட்டாரைப் போடப் போனாள். பின்சுவரில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்குள் சுவிட்சு. சுவிட்சின் இடுக்கில் இந்தப் பல்லி.

என் மனைவி ஆவுடை பெட்டியைத் தொட்டாள்.

அண்ணாச்சி எழுதி எடுத்து வந்த தாளில் இதுவரை எல்லாம் சரியாகவே இருந்தது. அடுத்த வரி, ‘பல்லி புகுந்ததால் நேர்ந்த விபத்து. யார்மீதும் எனக்குப் புகார் இல்லை.’ அதற்கடியில் என் பெயர். கையெழுத்துக்குத் தாராளமாக இடம் விட்டிருந்தார்.

“போட்டுக் குடுத்தியள்னா ஸ்டேஷன்ல நாளைக்கே முடிச்சிருவாவ,” என்றாள் கூட வந்திருந்த அவர் மனைவி. “ஆவுடை ஆத்மாவும் சாந்தியாயிரும்.”

ஆவுடை தை மாதமே சொன்னாள், பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று. எர்த் வயர் இல்லையோ என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். பழைய வீட்டில் அப்படித்தான் என்றார். மாசியில் அவளே போய்ச் சொன்னாள். பொம்பளைகளுக்கு எதைத் தொட்டாலும் பயம் என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

பல்லிகள் அந்த வீட்டில் எங்களுக்கு முன்பே குடியிருந்தன. காலண்டருக்குப் பின்னால், டியூப்லைட் பட்டையின் மேல். பூச்சி தின்றன. எச்சம் போட்டன. யார் தலையிலும் பழி போட்டதில்லை.

“எர்த்தெல்லாம் நான் அப்பவே சரியாத்தான் போட்டிருக்கேன்,” என்றார் அண்ணாச்சி.

டியூப்லைட்டின் மேலிருந்து ஒரு பல்லி சத்தமிட்டது.

அவர் மனைவி நாற்காலிக் கையில் மூன்று முறை தட்டினாள். “பாத்தியளா. உண்மைன்னு பல்லியே சொல்லுது.”

டப்பாவில் இருந்தது கொலைகாரன். சுவரில் இருந்தது சாட்சி. அண்ணாச்சிக்கு இரண்டுமே தோதாக இருந்தன.

பேனாவை என் கையில் வைத்தார். மூடியை அவரே கழற்றியிருந்தார்.

“பல்லி புகுந்த பொந்தையும் அடைச்சாச்சு தம்பி. இனி ஒரு பயமும் கிடையாது.”

“அப்ப மோட்டாரைக் கொஞ்சம் போட்டு விடுங்க அண்ணாச்சி,” என்றேன். “பதினோரு நாளா தெருக்குழாயிலதான் பிடிக்கேன். நீங்க போட்டுட்டு வாங்க. நான் கையெழுத்துப் போட்டிருதேன்.”

ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

எழுந்து பின்வாசல் வழியே போனார். நானும் அவர் மனைவியும் ஜன்னலில் நின்றோம்.

பெட்டியின் முன் நின்றார். கையை நீட்டினார்.

மடக்கிக்கொண்டார்.

வேட்டியில் கையைத் துடைத்தார். மறுபடி நீட்டினார்.

பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார். கழற்றிப் போட்டிருந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

அவர் மனைவி என் பக்கம் பார்க்கவில்லை.

“தரை ஈரமால்லா கெடக்கு,” என்றாள்.

பங்குனி வெயில். பெட்டிக்குப் பக்கத்துத் துவைகல்லில் பதினோரு நாளாக யாரும் துவைக்கவில்லை. கல்லுக்கடியில் குடியிருந்த தவளைகூட ஈரம் தேடி எங்கோ போய்விட்டது.