கிணத்துச் சீன்

குழந்தை கிணற்றில் விழுந்த சத்தம் எல்லாருக்கும் நன்றாகவே கேட்டது. சுற்றி நின்ற ஊர்க்காரர்களில் ஒருவர்கூட அசையவில்லை. கிணற்று மேட்டில் மண்டியிட்டு ஒரு பெண் அலற, அவளைப் பார்த்தபடி கல்லாக நின்றார்கள்.

"கட்!" என்றார் டைரக்டர். "ஊர்க்காரங்க எல்லாம் சூப்பர். இப்படித்தான் அசையாம நிக்கணும். மேடம்தான் பேரை மாத்திட்டாங்க."

எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே, ராமசுப்புவின் பருத்திக்காட்டுக் கிணற்றில் நடந்த படப்பிடிப்பு அது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குப் புத்தி பேதலித்து, கண்ணுக்கு என்னென்னவோ தெரியத் தொடங்குகிற கதை. பேயே இல்லாத பேய்ப்படம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். விழுந்தது ரப்பர் பொம்மை. ராமசுப்பு பாதாளக்கரண்டியை இறக்கி அதை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா பேரு பொன்னி, மேடம். நீங்க ஆதி, ஆதின்னு கூப்பிட்டீங்க. ஒன் மோர் போயிடலாம்."

நடிகை அனுசியா "சாரி" என்று மட்டும் சொன்னாள்.

கூட்டத்தில் நின்ற செல்லக்கிளி கிணற்றுப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். அவள் மகன் அழகுராஜா போனதும் இதே கிணற்றில்தான். அன்றிலிருந்து அவள் புருஷன் உக்கிரபாண்டி வாயைத் திறக்கவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார். விடிந்தால் கிணற்றோரக் கருவேல மரத்தடியில் வந்து உட்கார்ந்துவிடுவார். பைத்தியம் என்று ஊர் அவரை விட்டுவிட்டது.

"ஏத்தா செல்லக்கிளி, உக்கிரபாண்டிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு. இதெல்லாம் அவன் பாக்கக் கூடாது," என்றார் ராமசுப்பு.

"நானும் காலைலருந்து கூப்புடுறேன். அவுக எந்திரிச்சாத்தான?"

டைரக்டர் திரும்பி, உக்கிரபாண்டியை ஏற இறங்கப் பார்த்தார். "வேண்டாம், அவர் ஃபிரேம்லயே இருக்கட்டும். மேடம், அவர் கண்ணைக் கவனிங்க. நான் சொன்ன பைத்தியம் இதுதான்."

அனுசியா பார்த்தாள். உக்கிரபாண்டியும் பார்த்தார். இருவரும் கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவில்லை.

மேக்கப் பெண் கிளிசரின் எடுக்க வேனுக்குப் போனாள். அனுசியா செல்லக்கிளியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"அவருக்கு ஏம்மா இப்படி ஆச்சு?"

"எங்க பய இதுலதான்மா போனான். அதுலருந்து பேச்சு இல்ல."

"நீங்க அழுதீங்களா?"

"அழுதுக்கிட்டே களை எடுத்தேம்மா. வேல நிக்குமா?"

"எனக்குக் கத்தத்தான் முடியுது. அழுகை வரமாட்டேங்குது."

"நடிக்க நடிக்க வந்துரும்மா," என்று செல்லக்கிளி ஆறுதல் சொன்னாள்.

"ஆக்‌ஷன்!"

பொம்மை மறுபடி விழுந்தது. அனுசியா அலறினாள். இந்தத் தடவை பொன்னியும் வரவில்லை, ஆதியும் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து சத்தம் மட்டும் வந்தது.

செல்லக்கிளி மரத்தடிக்குப் போய்ப் புருஷனின் கையை இறுகப் பிடித்தாள். அவர் உதறிக்கொண்டு ஓடி, சட்டையோடு கிணற்றில் குதித்தார்.

"கேமராவை நிறுத்தாதீங்க!" என்று டைரக்டர் கத்தினார்.

செல்லக்கிளி கிணற்று விளிம்புக்கு ஓடினாள். அன்றைக்கும் இப்படித்தான் குதித்தார். பேச்சைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார்.

கொஞ்ச நேரத்தில் உக்கிரபாண்டி கல்படியில் ஏறி வந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பொம்மையை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"நம்ம பயன்னு நெனச்சுட்டாகளே!" செல்லக்கிளி தலையிலடித்துக்கொண்டாள். "அதத் தூரப் போடுங்க! அது ராசா இல்லங்க!"

"கட்! பிரமாதம்!" டைரக்டர் கை தட்ட, கூட்டமும் தட்டியது. அனுசியா மட்டும் அலறலை நிறுத்தவில்லை. இரண்டு கையாலும் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள்.

"பாருங்கய்யா, கேரக்டரை விட்டு வெளியவே வரலை," என்று டைரக்டர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பொம்மையைப் பிடுங்கக் கை நீட்டிய செல்லக்கிளியைத் தாண்டி, உக்கிரபாண்டி நேரே அனுசியாவிடம் போனார். எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துப் பொம்மையின் கன்னத்தில் வைத்து அழுத்தினார். ரப்பர் குழிந்து, பிறகு எழும்பியது.

அலறல் நின்றது.

வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த தொண்டை கரகரத்தது.

"பொம்மைதான் தாயி. ஒம் புள்ள ஆதி இல்ல."