ரெண்டு கார்டு, பேர் வேண்டாம்

"சந்தேகமே இல்ல. லிஃப்ட்காரருக்குச் சின்ன வீடு இருக்கு" என்றாள் அக்கா.

"எப்படிச் சொல்ற?"

"வாராவாரம் மன்னிப்புக் கார்டு வாங்கறார். அதுவும் ஒரே மாதிரி ரெண்டு. பேர் எழுதவான்னு கேட்டா, 'பேர் வேண்டாம் பாப்பா, காலியா விடு'ங்கறார். ஒண்ணு பெரிய வீட்டுக்கு, ஒண்ணு சின்ன வீட்டுக்கு. பேர் மாறிப்போனா மனுஷன் கதை கந்தல்!"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நானும் அக்காவும் நடத்துவது மன்னிப்புக் கார்டு கடை. ஐந்து மாடிக் கட்டடத்தில் நாலாவது மாடி, ஒரு சின்ன ரூம். பள்ளிக்கூடம் போதும் என்று நான் வெளியே வந்த மாதம் ஆரம்பித்தது. படம் என் வேலை, வாசகம் அக்கா வேலை. முதல் மாதம் கடைக்கு வந்தது மூன்று பேர். அதில் ஒருத்தர் வழி கேட்க வந்தவர். இப்போது அச்சகத்துக்குப் போனால் எங்களுக்கு நாற்காலி போடுகிறார்கள்.

ஒரு வருஷம் முடியப்போகிற நேரத்தில்தான் சண்டை வந்தது.

அக்கா எழுதினால் எட்டு வரி. நிலா வரும், மழை வரும், மன்னிப்பு மட்டும் கடைசி வரியில் வரும். நான் அவளைக் கேட்காமல், 'தப்பு என்னோடது. பேசு.' என்று மட்டும் போட்டு இருநூறு கார்டு அச்சடித்துவிட்டேன்.

"வாசகம் யார் வேலைடி?"

"உன் வேலைதான். ஆனா நீ எழுதறதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்த சண்டையே வந்துடும்."

"ஓஹோ! பூனைக்குட்டி வரையறதுக்கு ஆயிரம் பேர் கிடைப்பாங்க, தெரியும்ல?"

"அப்ப அவங்களையே வச்சு நடத்து."

"நடத்தறேன்!"

அதோடு பேச்சு நின்றது. காலையில் அவள், மதியத்துக்கு மேல் நான் என்று கடையைப் பங்கு போட்டுக்கொண்டோம். வீட்டில் அம்மா நடுவில் உட்கார்ந்து, "அவளுக்கு உப்பு வேணுமாம், கொடு" என்று செய்தி வாசித்தாள்.

ரூமுக்கு அடுத்த வருஷ ஒப்பந்தம் மேசையில் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடாவிட்டால் ரூம் வேறு ஆளுக்கு. கடை அவ்வளவுதான். நான் போடவில்லை. அவளும் போடவில்லை.

தினமும் மன்னிப்பு விற்றோம். எங்களுக்குள் ஒன்றுகூடச் செலவாகவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஒரு கார்டு குடு பாப்பா. குட்டியா எழுதியிருக்குமே, அது."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணு போதும்."

ஒரு வீட்டில் சமாதானம் ஆகிவிட்டது போல. இதைச் சொன்னால் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலி. சண்டை போட்ட நாளைவிட அப்போதுதான் அதிகமாக வலித்தது.

வியாழக்கிழமை ராத்திரி என் பையின் பக்க அறையில் ஒரு கார்டு இருந்தது. அக்காவின் எட்டு வரி. அடியில் பேர் இல்லை. அவள் திமிர் அப்படி, கையெழுத்தா போடுவாள்? முதல்தடவையாக எட்டு வரியையும் படித்தேன். ஆறாவது வரி நன்றாகத்தான் இருந்தது. இதை அவளிடம் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ரூமுக்குப் போனேன். அக்கா ஏற்கெனவே ஒப்பந்தத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சரி, விடுடி" என்றாள்.

"நீயும் விடு" என்றேன்.

ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஒரு வருஷக் கதையைப் பேசிப் பேசிச் சிரித்தோம். வழி கேட்க வந்தவர் பாவப்பட்டு ஒரு கார்டு வாங்கிப் போனதுவரை பேசினோம்.

"ஆனாலும் நீ முதல்ல இறங்கி வருவேன்னு நான் நினைக்கவே இல்ல" என்றாள் அக்கா.

"நானா? நீதானே என் பையில கார்டு வச்சே?"

"நான் எங்கடி வச்சேன்? நீதான் என் குடைக்குள்ள வச்சிருந்தே!"

அவள் குடையிலிருந்து எடுத்ததை மேசையில் போட்டாள். 'தப்பு என்னோடது. பேசு.' பூனையின் காதில் என் கட்டைவிரல் மை. செவ்வாய்க்கிழமை எடுத்துக் கொடுக்கும்போது பட்ட மை.

"அக்கா, இது நான் லிஃப்ட்காரருக்கு வித்தது."

அவள் என் பையில் கிடைத்த கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நான் அவருக்கு வித்தது. புதன்கிழமை."

ரெண்டு பேரும் ஓடிப்போய் லிஃப்ட் பட்டனை அமுக்கினோம். கதவு திறந்தது. முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, வாராவாரம் வாங்கறீங்களே, அந்த ரெண்டு கார்டும் யாருக்கு?" அக்கா நேராகவே கேட்டாள்.

அவர் அசரவே இல்லை. "போன வாரம் ரெண்டாவது மாடி டெய்லருக்கு ஒண்ணு, அவரோட கூட்டாளிக்கு ஒண்ணு. அதுக்கு முந்தி அஞ்சாவது மாடி வக்கீலுக்கும் அவர் மகனுக்கும். அவர் அனுப்பினார்னு இவரும், இவர் அனுப்பினார்னு அவரும் நினைச்சுக்குவாங்க. ஏறும்போது பையில செருகிட வேண்டியதுதான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"உங்க கைக்காசைப் போட்டு எதுக்குண்ணா இந்த வேலை?"

"பின்ன? சண்டை போட்டவங்க ஒண்ணா ஏற மாட்டேங்கறாங்களே! ஒவ்வொரு சண்டைக்கும் எனக்கில்ல ரெண்டு நடை?"