பெல்லேயின் பதினான்காம் நாள்

டென்மார்க்கின் ஓடென்சே நகரத்து ஏப்ரல் வெயில் சமையலறை மேசையில் விழுந்து கிடக்கிறது. அதில் தோவேயின் சாம்பல் நிறப் பூனை பெல்லே வாலைச் சுருட்டி உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் போட்டுவந்த இன்சுலின் ஊசியை நிறுத்திப் பதினான்கு நாளாகிறது. இன்றும் ரத்தச் சர்க்கரை ஏழு மில்லிமோலுக்குள் இருந்தால் இனி ஊசியே வேண்டாம், தாண்டினால் மறுபடி காலையும் மாலையும் குத்தத்தான் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ரத்தம் எடுப்பதற்காகத் தோவே பூனையின் காது நுனியை உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்குகிறாள். பக்கத்து வீட்டுத் தோர்கில் தொப்பியைக் கசக்கியபடி வாசலிலேயே நிற்கிறார்.

“தோவே, நேத்து உன் பூனை என் தட்டுகிட்ட வந்துது.”

“அடப்பாவி! ரொட்டி குடுத்தியா?”

“ரொட்டிய நான்தான் தின்னேன். மேல தடவின ஈரல் விழுத மட்டும் ஒரு நக்கு நக்கிச்சு.”

“அந்த விழுதுலயே பாதி மாவுதான்யா!”

காதில் குத்தியதும் கடுகளவு ரத்தம் துளிர்க்கிறது. பெல்லே கொட்டாவி விடுகிறது. தோவே துளியைப் பட்டையில் தொட்டு வைக்க, சர்க்கரை மீட்டர் ஐந்து, நான்கு, மூன்று என்று விநாடிகளை எண்ணுகிறது. தோர்கில் வாசலிலிருந்தே எட்டிப் பார்க்கிறார்.

“அஞ்சு புள்ளி எட்டு!” தோவேயின் குரல் தெருவுக்கே கேட்கிறது. “நிக்காத, போய்க் கொடிய ஏத்து!”

தோட்டத்துக் கம்பத்தில் சிவப்பும் வெள்ளையுமாக டென்மார்க் கொடி எழும்பிப் படபடக்கிறது. வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கொடியேற்றுவது அந்த ஊர் வழக்கம். எதிர்வீட்டுப் பெண் சைக்கிளை நிறுத்துகிறாள். “யாருக்குப் பிறந்தநாள்?”

“பிறந்தநாளெல்லாம் இல்ல! பெல்லேவுக்கு ஊசி நின்னு போச்சு!”

அவள் சைக்கிளில் ஏறி மணியை அடிக்கிறாள், தெருமுனை திரும்பும் வரைக்கும் விடாமல்.