கருகிப்போன முதல் ஈடு

"இன்னைக்கும் கருக்கிட்டீகளா? உங்க கையில மாவைக் குடுக்குறதுக்குப் பேசாம ஆத்துல கரைச்சு விட்டுறலாம்!"

விடிகாலையில் மதீனா போட்ட சத்தம் கம்பம் கடைவீதியின் அடுத்த முக்கு வரைக்கும் கேட்டது. ரொட்டிக் கடைக்காரர் சம்சுதீன் அவள் புருசன். நீளத் துடுப்பை அடுப்புக்குள் விட்டு முதல் ஈட்டு ரொட்டிகளை வெளியே இழுத்தார். எல்லாம் சப்பை சப்பையாக, ஓரம் கருகி.

உள்ளே படுத்திருந்த ஷேக் மைதீன் எழுந்து உட்கார்ந்தான். மதீனாவின் தம்பி, கப்பலில் சமையல்காரன். முந்தின நாள் சாயங்காலம்தான் அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். வந்தபோது அக்கா ஒரு சுளகு நிறையப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நமக்குத்தான் பெரிய விருந்து என்று நினைத்தான். கறிக்குழம்பில் தேடிப் பார்த்தால் ஒண்ணு ரெண்டு பல்தான் கிடந்தது.

'இம்புட்டு வருசமாகியும் மச்சானுக்கு அடுப்புச் சூடு பிடிபடலையே. அக்கா பாவம்' என்று கடைப்பக்கம் வந்தான்.

வாசலில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற பொம்பளைகள் ஜீப்புக்காக நின்றிருந்தார்கள்.

"ஒச்சம்மா, இங்கன வா! இந்தக் கருமத்தை எடுத்துட்டுப் போயிருங்க. காசு குடுத்து வாங்குற ஆளு கண்ணுல பட்டா கடை மானம் போயிரும்."

ஒச்சம்மா பெரிய மனசு பண்ணினாள். "குடு மதீனாக்கா. நாங்க இல்லாட்டி உங்க கடைய யாரு காப்பாத்துறது?"

"இரு, கருகல் வாடை தெரியாம எதையாச்சும் தடவித் தாறேன்."

மதீனா ஒவ்வொரு ரொட்டி மேலும் நசுக்கின தக்காளியையும் பூண்டையும் தடவினாள். கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டாள். சம்சுதீன் மறுபடியும் அடுப்புக்குள் தள்ளி எடுத்தார். வாசனை தெருவையே தூக்கியது. பொம்பளைகள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

ஷேக் மைதீன் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். அப்படியே நின்றுவிட்டான்.

"யக்கா! இது பீட்சா!"

"அது என்னலே?"

"இத்தாலியில நேப்பிள்ஸ்னு ஒரு துறைமுகம். அங்கன மூட்டை தூக்குறவுக, மீன் பிடிக்கிறவுக திங்கிற ரொட்டி. தக்காளிய வெசம்னு பெரிய மனுசன் ஒதுக்குன காலத்துல, ஏழைகதான் நசுக்கி ரொட்டியில தடவித் தின்னாகளாம். பொழைக்க அமெரிக்கா போனவுக அதையும் கூடவே கொண்டு போனாக. இன்னைக்கு நியூயார்க்குல கோட்டு போட்டவன் வரிசையில நிக்கிறான்! நான் எறங்குன துறைமுகத்துல பாதிக்கு மேல இத்தாலிக்காரன் கடை இருக்கு. சில எடத்துல மேல பாலாடைக்கட்டி போடுவான். கப்பல்காரன் திங்கிறதுல அதுகூடக் கிடையாது. அச்சு அசல் இதேதான். தக்காளி, பூண்டு, எண்ணெய்!"

"மாப்ள, பேசாம இரு" என்றார் சம்சுதீன் மெதுவாக.

மதீனா கண்ணைக் காட்டினாள். அவன் எங்கே பார்த்தான்?

"நான் எதுக்கு மச்சான் பேசாம இருக்கணும்? இது கெட்ட ரொட்டியில்ல, உலகமே கேட்டு வாங்குற ரொட்டி! போர்டு எழுதி மாட்டுவோம். சும்மா தூக்கிக் குடுக்குறீகளே!"

ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோன ஒச்சம்மா கையை இறக்கினாள்.

"நெசமாவா தம்பி? நல்ல ரொட்டியா இது?"

"இதை விட நல்ல ரொட்டி எங்கன இருக்கு?"

"அப்ப எனக்கு வேணாம்."

ரொட்டியைப் பலகை மேல் வைத்தாள்.

"ஏன் ஆத்தா?"

"கெட்டுப்போனதை எடுத்துட்டுப் போனா, அது நாங்க உங்களுக்குச் செய்ற ஒத்தாசை. நல்லதைச் சும்மா வாங்குனா அதுக்குப் பேரு வேற. வெறும் வயிறு எங்களுக்குப் பழக்கந்தான். முன்னாடி ஒரு நா இந்தா நிக்கிற ராக்கம்மா மேடு ஏறையில மயங்கி விழுந்தா. செத்தா போயிட்டா?"

ஒவ்வொருத்தியாக வந்து ரொட்டியைப் பலகையில் வைத்தாள். முக்கில் ஜீப் ஹாரன் அடித்தது. மதீனா பலகையில் குவிந்த ரொட்டியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். சம்சுதீன் துடுப்பை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

ஷேக் மைதீனுக்கு அப்போதுதான் சுருக்கென்றது.

மறுபடியும் ஒரு துண்டைப் பிய்த்து மென்றான். முகத்தை அஷ்டகோணலாக்கினான்.

"அய்யய்யே! இதென்ன மச்சான், அடிநாக்குல வேம்பாக் கசக்குது? பசியில மொத வாய் தெரியல. நேப்பிள்ஸ்ல இப்படிச் சுட்டீகன்னா கையை ஒடிச்சு அடுப்புல வச்சிருவாக!"

மதீனா சட்டென்று அவன் பேச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைத்தான நானும் தெனம் கத்துறேன்! உப்புக்காத்துல இவனுக்கு நாக்கு செத்துப்போச்சு, ருசி கண்டுட்டான் ருசி! எடுத்துட்டுத் தொலைங்கடி, ஜீப்பு போயிரப் போகுது!"

ஒச்சம்மா அவன் முகத்தையே ஒரு நிமிசம் பார்த்தாள்.

"அதானே. பாயாவது, பதமாச் சுடுறதாவது!"

ரொட்டிகளை முந்தியில் முடிந்துகொண்டு ஓடினார்கள். ஜீப் கிளம்பியது.

சம்சுதீன் இரண்டாவது ஈட்டை இழுத்தார். பன் ஒவ்வொன்றும் பொன்னிறம். ஒன்றில்கூடக் கருப்பில்லை.

ஷேக் மைதீன் அக்கா பக்கம் குனிந்தான். "ஏக்கா, காலையில கருகப்போற ரொட்டிக்கு முந்தின நாளே உக்காந்து பூண்டு உரிச்சு வைக்கிற ஊரை நான் எந்தக் கடல்லயும் பாத்ததில்லையே?"

"மெதுவாப் பேசுலே" என்றாள் மதீனா. "நாளைக்கு நீ அடுப்புல நில்லு. உங்க மச்சானுக்கு இன்னமும் ஒழுங்காக் கருக்கத் தெரியல."